யார் கேட்ட கேள்வி? கருப்பினச் சமூகங்களைப் பற்றி முனைவர் பட்டம் செய்ய வருகிறவர்களுக்கு

ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு அமெரிக்காவில் சமூகப் பணியில் பிஎச்.டி. செய்ய நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி எனக்கு எழுதுகிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க மக்கள் மத்தியில் ஆய்வு செய்ய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். உதவித்தொகை கிடைக்குமா, எத்தனை வருடம் ஆகும் என்று கேட்பார்கள். கூடவே ஒரு தலைப்பையும் அனுப்புவார்கள். ‘தந்தை இல்லாத கருப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகள்’, ‘கருப்பின இளைஞர்களிடையே வன்முறை: காரணங்களும் தீர்வுகளும்’ என்பதுபோல இருக்கும். நல்ல மனதோடு எழுதியவைதான். ஆனால் அந்த மக்களில் ஒருவரைக்கூடச் சந்திப்பதற்கு முன்பே கோளாறு அவர்களிடம்தான் என்று முடிவாகிவிட்டது.

ஜார்ஜியா மாநிலத்தில் குழந்தைகள் நல வழக்குகளில் சிக்கிய குடும்பங்களோடு வேலை செய்வது என் தொழில். முனைவர் பட்ட மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போவதும் அதில் சேர்ந்தது. ஆய்வேட்டில் எழுதப்படும் கேள்வி நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு அளவுகோலாகிறது. அளவுகோல் அலுவலகப் படிவமாகிறது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பணியாளர் அந்தப் படிவத்தோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பிள்ளை இன்றிரவு அந்த வீட்டில் தூங்குமா, வேறெங்காவது தூங்குமா என்பது அவர் அதில் நிரப்பும் பதிலைப் பொறுத்தது. அமெரிக்கக் குழந்தைகளில் கருப்பினத்தவர் ஏறத்தாழ 14 சதவீதம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் (foster care) இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே கேள்வியை யார் கேட்டது, எங்கிருந்து கேட்டது என்பதிலிருந்துதான் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பேன்.

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் என்ற இளம் அறிஞரை அழைத்து, பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வாழும் கருப்பின மக்களை ஆராயச் சொன்னது. நகரம் கெட்டுப்போனதற்கு அந்த வார்டுதான் காரணம் என்று பெரிய மனிதர்கள் முன்பே தீர்மானித்திருந்தார்கள். டு பாய்ஸ் மனைவியோடு அந்த வார்டிலேயே குடியேறி, வீடு வீடாகப் போய்த் தானே விசாரித்தார். 1899இல் வெளிவந்த அவருடைய நூல், வேலை மறுக்கப்படுவதையும் அதிக வாடகை பிடுங்கப்படுவதையும் கணக்கோடு காட்டியது. நோய் அந்த மக்கள் இல்லை, அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு என்பது தெரிந்தது. இன்னொன்றையும் அவர் பின்னாளில் எழுதினார்: தங்களை ஏதோ விநோத உயிரினம்போல ஆராய்வது அந்த மக்களுக்குப் பிடிக்கவில்லை. அவரும் கருப்பினத்தவர்தான். அவருக்கே அந்த வரவேற்பு என்றால், மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிற நாம் எதை எதிர்பார்க்கலாம்?

அட்லாண்டா சமூகப் பணிப் பள்ளி 1920இல் தொடங்கியது. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கருப்பின மாணவர்களைச் சேர்க்காத காலம் அது. ஆரம்ப ஆண்டுகளில் அதை நடத்தியவர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர். கருப்பின மக்களிடம் என்ன கோளாறு என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, இனவெறுப்பையே ஒரு மனநோயாக எடுத்துக்கொண்டு அவர் கட்டுரை எழுதினார். 1927இல் அது அச்சானதும் மிரட்டல்கள் வந்து, ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளி இன்று கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில், 1954 முதல் 1961 வரை அதன் தலைவராக இருந்த விட்னி யங் பெயரில் இயங்குகிறது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளிக்கு 1945இல் முதல் தலைவரானவர் இனபெல் பர்ன்ஸ் லிண்ட்சே என்ற பெண்மணி. இந்த இரண்டு இடங்களிலும் முனைவர் பட்டம் உண்டு. பால்டிமோரில் மார்கன் ஸ்டேட், வர்ஜீனியாவில் நார்ஃபோக் ஸ்டேட், மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் ஆகியவற்றிலும் உண்டு. எல்லாமே கருப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்டவை. இன்று யாரும் சேரலாம். நம் பிள்ளைகள் அனுப்பும் பட்டியலில் இந்தப் பெயர்களை நான் பார்ப்பதே அபூர்வம். தரவரிசையைப் பார்த்து மேலிருந்து கீழே விண்ணப்பிக்கிறார்கள். கருப்பினச் சமூகங்களோடுதான் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், அந்தச் சமூகங்கள் தங்களுக்காகக் கட்டி எழுப்பிய பள்ளிகளை முதலில் பாருங்கள்.

அங்கே முதலில் படிக்க வேண்டியவற்றில் ஒன்று 1965ஆம் ஆண்டின் மொய்னிஹன் அறிக்கை. தொழிலாளர் துறை அதிகாரியாக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் தயாரித்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றியும் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் ஊர் மனதில் தங்கியது ஒன்றுதான்: பெண்கள் தலைமை தாங்கும் குடும்ப அமைப்பே கருப்பின மக்களின் சிக்கலுக்கு மையம் என்பது. அவர் மேற்கோள் காட்டியவர்களில் நம் ஃபிரேசியரும் ஒருவர். வருத்தமாக இருக்கும், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நல்ல ஆய்வாளரின் எழுத்துகூட அவர் கையை விட்டுப் போனபின் வேறு காரியத்துக்குப் பயன்படும்.

பதில் வந்தது. 1968இல் கருப்பினச் சமூகப் பணியாளர்கள் தங்களுக்கெனத் தேசியச் சங்கம் அமைத்தார்கள். 1972இல் ராபர்ட் ஹில் கருப்பினக் குடும்பங்களின் பலங்கள் என்று ஐந்தைப் பட்டியலிட்டார்: உறுதியான உறவுப் பிணைப்பு, உழைப்பில் நாட்டம், குடும்பத்தில் யாரும் எந்தப் பொறுப்பையும் ஏற்கும் வளைந்துகொடுத்தல், முன்னேறும் துடிப்பு, சமய ஈடுபாடு. குடும்பங்கள் அதே குடும்பங்கள்தான். கேட்ட கேள்வி வேறு.

இது கள வேலையில் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். அட்லாண்டாவின் தென்மேற்குப் பகுதியில் ஒரு பாட்டி. மகள் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு ஆஸ்துமா. முன்பு வந்துபோன பணியாளர் படிவத்தில் ‘ஆதரவு தரக்கூடியவர்கள்’ என்ற இடத்தில் ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருந்தார். என்னோடு வந்த முனைவர் பட்ட மாணவி சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அதில் பென்சிலால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள், புதன் பள்ளியிலிருந்து கூட்டி வருவது தேவாலய வேன் ஓட்டுநர். சனிக்கிழமை பெரியவளுக்குத் தலை பின்னிவிடுவது மூன்றாவது வீட்டுப் பெண். இன்ஹேலர் வாங்கி வருவது பிள்ளைகள் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடும், ரத்த உறவில்லாத ஒருவர். இரவுப் பணி இருக்கும் நாளில் வந்து தங்குவது பாட்டியின் தங்கை மகன். ஏழு நாளும் நிரம்பியிருந்தது. இப்படிப்பட்ட வீட்டைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமா என்ன? அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள்தானே நம்மில் பலரும்.

அந்த ‘யாரும் இல்லை’ சின்ன விஷயம் இல்லை. 1997இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஒரு பிள்ளை 22 மாதங்களில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை ரத்து செய்ய மாநிலம் மனுப்போட வேண்டும். போதைச் சிகிச்சையில் இருக்கும் தாய்க்கு 15 மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆனால் பிள்ளை உறவினர் பராமரிப்பில் இருந்தால் மாநிலம் விலக்குத் தரலாம் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பாட்டி தகுதியானவர் என்று காட்டினால்தான் அந்த வழி திறக்கும். பணம் இன்னொரு சிக்கல். நிபந்தனைகளை நிறைவுசெய்யும் உறவினருக்கும் வளர்ப்புப் பெற்றோருக்கான உதவித்தொகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1979இலேயே சொல்லிவிட்டது. நிபந்தனைகள்தான் இடித்தன: இத்தனை படுக்கையறை, இவ்வளவு சதுர அடி என்று அந்நியர் வீட்டுக்கு வகுத்த அளவே பாட்டி வீட்டுக்கும். உறவினர்களுக்குத் தனி விதிமுறை வைத்துக்கொள்ள மாநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசு அனுமதி தந்தது 2023இல்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பாட்டிகள் ஒரு டாலர்கூட வாங்காமல் வளர்த்திருப்பார்கள்!

அந்த மாணவி முதலில் வைத்திருந்த தலைப்பு ‘பாட்டிகளின் மனஅழுத்தம்’. இப்போது அவள் படிப்பது, பராமரிப்பு வேலையை இந்தக் குடும்பங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன, படிவம் எதைக் கேட்காமல் விடுகிறது என்பதை. மனஅழுத்தம் அதிலும் வருகிறது, ஆனால் அவர்களே சொல்லும் விதத்தில்.

அப்புறம், ஒப்புதல் படிவம். தேவாலயக் கூடத்தில் ஆய்வுக்கு ஆள் சேர்க்கப் போனால், வயதானவர்களில் ஒருவராவது எழுந்து, “இந்தத் தாள் யாரிடம் இருக்கும்? எங்களுக்கு என்ன திரும்பி வரும்?” என்று கேட்பார். அதை அவநம்பிக்கை என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1932 முதல் 1972 வரை, 40 வருடம், அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கருப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அவர்களிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பென்சிலின் மருந்து பரவலாக வந்தபிறகும் கொடுக்கவில்லை. இலவசச் சாப்பாடு கொடுத்தார்கள், பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவு கொடுத்தார்கள். இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் ஆய்வு நெறிமுறைக் குழு, இது அம்பலமானபின் வந்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றியது. அதாவது நீங்கள் நிரப்பும் அந்த நீண்ட விண்ணப்பத்துக்கு விலை கொடுத்தவர்கள் இந்த மக்களின் தாத்தாக்கள். கூடத்தில் எழுந்து கேட்கிற பெரியவரிடம் உட்கார்ந்து, கடைசிக் கேள்வி வரை பதில் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு கையெழுத்தும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி மக்களிடமிருந்தே வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கருப்பின நோய்ப்பரவல் ஆய்வாளரைச் சொல்வேன். 1970களின் கடைசியில் அவர் வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதிய விவசாயியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். குத்தகைக் கூலியாகத் தொடங்கி, ராப்பகலாக உழைத்து, 40 வயதுக்குள் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரரானவர். ஐம்பதுகளின் இறுதியில் உயர் ரத்த அழுத்தம், மூட்டு வாதம், வயிற்றுப் புண் எல்லாம் சேர்ந்துகொண்டன. நீராவி இயந்திரத்தோடு போட்டிபோட்டு ஜெயித்து, சுத்தியலோடு செத்து விழுந்த நாட்டார் கதை நாயகனுக்கும் ஜான் ஹென்றி என்றுதான் பெயர். போதிய வசதி இல்லாமல் ஓயாமல் மல்லுக்கட்டுவது உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வி அந்த உரையாடலில் பிறந்தது. 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலாக வளர்ந்து இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ‘ஏன் இவர்கள் மாத்திரை சாப்பிடுவதில்லை’ என்று தொடங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

நம் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்லாண்டா புறநகரில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் “அந்த ஏரியா பக்கம் போகாதே” என்ற அறிவுரை சர்வசாதாரணம். ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கருப்பின மக்கள் அடிவாங்கி நடத்திய சம உரிமைப் போராட்டத்தின் காலத்தில், அதன் வேகத்தில் வந்தது. அதற்கு முந்தைய சட்டப்படி இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்பதே ஒதுக்கீடு. இதைத் தெரிந்துகொண்டு களத்துக்குப் போகிறவர் நடந்துகொள்வதில் வித்தியாசம் தெரியும்.

சரி, விண்ணப்ப விஷயம். பிஎச்.டி. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும்; டி.எஸ்.டபிள்யூ. என்ற இன்னொரு சமூகப் பணி முனைவர் பட்டம் இப்போது பெரும்பாலும் களப்பணியில் மேலே போக விரும்புகிறவர்களுக்கு. பல இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம் எதிர்பார்ப்பார்கள். நெறியாளராக வரக்கூடியவருக்கு எழுதும்போது, அவருடைய கட்டுரைகளைப் புகழ்வதற்குப் பதிலாக மூன்று விஷயம் கேளுங்கள்: அவருடைய ஆய்வுகளில் சமூகத்தவர் அடங்கிய ஆலோசனைக் குழு இருக்கிறதா, அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுக்கப்படுகிறதா, முடிவுகளை முதலில் பார்ப்பது யார். மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு, கையிலிருக்கும் தரவை வைத்து எழுதும் ஆய்வேட்டைவிட ஓர் ஆண்டாவது கூடுதலாகப் பிடிக்கும். நான்கு வருட நிதியோடு சேர்க்கிறவர்கள் ஐந்தாவது வருடத்துக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டு, சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விசாவில் இருக்கும் மாணவருக்கு வெளியில் வேலை பார்த்துச் சமாளிக்கும் வழி அநேகமாகக் கிடையாது.