மலையக வீதிகளில் லொறித் தடை: தண்டப் பத்திரம் எழுதப்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

நுவரெலியாவில் கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ கிளம்பும் லொறி எந்த வழியால் இறங்கினாலும் எங்காவது ஒரு தடைப் பலகையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். "தடை செய்த ரோட்டில் போனதற்கு ஃபைன்" என்று பொதுவாகச் சொன்னாலும், மலையகத்தில் அது நான்கு வெவ்வேறு காரணங்களுக்காக எழுதப்படுகிறது. எந்தக் காரணம் என்று தெரிந்தால்தான் தண்டத்தைக் கட்டிவிடுவதா, நீதிமன்றம் போவதா என்று முடிவெடுக்க முடியும்.

முதலாவது, கனரக வாகனங்களுக்கான நிரந்தரத் தடை. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதி. 2023 ஜனவரி 20ஆம் திகதி பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் அங்கே வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு பஸ், லொறி போன்ற கனரக வாகனங்களுக்கு அந்த வீதி மூடப்பட்டது. தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இறங்கும் லொறி நானுஓயாவிலிருந்து லிந்துலை வழியாகச் செல்லும் ஏ7 பிரதான வீதியில்தான் போக வேண்டும். தூரம் கூடும், நேரமும் கூடும். வெளி மாவட்டத்து ட்ரைவர்கள் இங்கே மாட்டுவதற்கு முக்கிய காரணம் கைத்தொலைபேசி வரைபடம். அது காருக்கும் பத்துச் சக்கர லொறிக்கும் வித்தியாசம் பார்க்காமல் கிட்டிய வழியைக் காட்டிவிடும். "மேப் காட்டியது" என்பதைப் பொலிஸாரும் கேட்கமாட்டார்கள், நீதவானும் கேட்கமாட்டார்.

இரண்டாவது, நேரத் தடை. கண்டி எசல பெரஹெர நாட்கள், ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவம் ஆகிய காலங்களில் பொலிஸார் விசேட போக்குவரத்து ஏற்பாடு செய்வார்கள். நேற்று போன வீதி இன்று ஒருவழியாக இருக்கலாம். அப்போது பலகையைவிட சந்தியில் நிற்கும் உத்தியோகத்தர் காட்டும் சைகைதான் செல்லும்.

மூன்றாவது, அனர்த்தத்துக்காக மூடுவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழையின் அளவை வைத்தே விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் வெளியேற்றம். நிறம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஏறும்போது கடுகண்ணாவை, எல்ல–வெல்லவாய, பெரகல–கொஸ்லந்த போன்ற இடங்களில் வீதி மூடப்படும், அல்லது ஒரு பக்கம் மட்டும் திறக்கப்படும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை. புறப்படும் முன் 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் நிலைமையைக் கேட்டுக்கொள்ளலாம். தடுப்பை நகர்த்திவிட்டுப் போனால் அது வெறும் தண்டத்தோடு முடியாது, வழக்காகவும் போகலாம்.

நான்காவது நிறைத் தடை. அதிகம் பேர் பிழைவிடுவது இதில்தான். பாலத்தடியில் சிவப்பு வளையத்துக்குள் "5 தொன்" என்று போட்டிருந்தால் அது சரக்கின் நிறை என்று நினைத்து, "நான் மூன்றரைத் தொன்தானே ஏற்றியிருக்கிறேன்" என்று வாதாடுகிறார்கள். லொறியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்த முழு நிறையையே பலகை சொல்கிறது. ஒரு கென்டர் லொறியின் வெற்று நிறை 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை 70 ஏற்றினால் 3,500. ட்ரைவர், கிளீனர், தார்ப்பாய், டீசல் எல்லாம் சேர்த்து இன்னொரு 200. மொத்தம் 6,600 கிலோ. ஐந்து தொன் பாலத்துக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் கூட. மழையில் நனைந்த மரக்கறி மூட்டைக்கு நிறை இன்னும் ஏறும். வெற்று நிறையும் மொத்த நிறையும் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கின்றன, பெரும்பாலும் லொறியின் பக்கத்திலும் எழுதியிருக்கும். அந்த இரண்டு இலக்கங்களும் ட்ரைவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

தோட்டத்துக்குள் போகும் வீதிகள் தனி விஷயம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழும் மற்றவை மாகாண சபை, பிரதேச சபை, தோட்ட நிர்வாகம் என்று பலரின் கீழும் வருகின்றன. யார் பலகை போட்டார்களோ அவர்களிடம்தான் விதிவிலக்கு கேட்க வேண்டும். ஏற்றும் இடமோ இறக்கும் இடமோ தடைப்பட்ட பகுதிக்குள்ளேயே இருந்தால், பயணத்துக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்கி லொறியில் வைத்திருங்கள். "தோட்டத் துரை சொன்னார்", "முதலாளி பேசிவிட்டார்" என்ற வாய்ச்சொல் பொலிஸ் சோதனையில் நிற்காது. மரம் ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மரப் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தில் குறிப்பிட்ட வழியையும் நேரத்தையும் விட்டு விலகினால் விஷயம் வனச் சட்டத்துக்குப் போய் லொறியே பறிபோகலாம்.

பத்திரம் கையில் வந்ததும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 33 குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே தண்டம் எழுதலாம். அந்தப் பட்டியல் 2018 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் வீதி ஒழுங்குகளை மீறுவதற்கு 2,000 ரூபாய், பொலிஸ் உத்தியோகத்தரின் கட்டளைக்குக் கீழ்ப்படியாததற்கு 2,000, லொறியில் அளவுக்கு மிஞ்சிய பொருள் ஏற்றியதற்கு 500. ஆகவே ஒரே சம்பவத்துக்கு எந்தக் குற்றத்தை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பத்திரத்தில் குற்றம், இடம், நேரம், வாகன இலக்கம், பொலிஸ் நிலையம் ஆகியவை சரியா என்று அங்கேயே பாருங்கள். கையால் எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்க முடியாவிட்டால், "ஐயா, என்ன குற்றம் என்று சொல்லுங்கோ" என்று கேட்டு உங்கள் கையால் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டால், தண்டப் பத்திரமே 14 நாளுக்குத் தற்காலிக லைசனாகச் செல்லும். அந்த 14 நாளுக்குள் தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டை உரிய பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசனை மீட்க வேண்டும். தவறினால் அடுத்த 14 நாளுக்குள் இரட்டிப்பாகக் கட்டலாம், அதாவது 2,000 ரூபாய் 4,000 ஆகும். 28 நாளும் கடந்தால் நீதவான் நீதிமன்றம். கடைசி நாள் ஞாயிறிலோ போயாவிலோ விழுந்தால் தபாலகம் மூடியிருக்கும், அதனால் இரண்டு மூன்று நாளிலேயே கட்டிவிடுவது நல்லது. பதினைந்தாம் நாளில் அந்தத் துண்டை நம்பி லொறி ஓட்டுவது லைசன் இல்லாமல் ஓட்டுவது போலத்தான்.

கொத்மலையில் பிடிபட்ட யாழ்ப்பாணத்து ட்ரைவருக்கு லைசனை எடுக்க மறுபடி மலையேறுவது தண்டத்தைவிடப் பெரிய செலவு. 2025 ஏப்ரலில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்துப் படிப்படியாக விரிவாக்கப்பட்ட கோவ்பே (GovPay) என்ற, அரசுக்கு இணையவழியில் பணம் கட்டும் முறை இதற்காகத்தான் வந்தது. அந்த வசதி இருக்கும் இடத்தில் கைத்தொலைபேசியிலேயே கட்டிவிட்டு லைசனோடு போகலாம். எனவே லைசனைக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். உத்தியோகத்தரின் கையில் காசு கொடுப்பது எந்த முறையிலும் சேராது. யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

தண்டம் கட்டினால் அந்தக் குற்றம் அத்தோடு முடிகிறது, பிறகு எதிர்க்க வழியில்லை. பலகை விழுந்திருந்தது, புதருக்குள் மறைந்திருந்தது, அல்லது நுழையும் சந்தியில் பலகையே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போங்கள். அன்றைக்கே அந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும். லொறி வந்த திசையிலிருந்து, ட்ரைவர் ஆசனத்தின் உயரத்திலிருந்து ஒன்று, சந்தி முழுவதும் தெரிய இன்னொன்று. ஏற்றிய இடத்தின் சிட்டை, முன்கண்ணாடிக் கேமராப் பதிவு இருந்தால் அவையும். நீதிமன்ற மொழி உங்களுக்கு விளங்காவிட்டால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி அரச செலவில் மொழிபெயர்ப்பு பெறும் உரிமை உண்டு. பெயர் கூப்பிட்டவுடனேயே அதைக் கேளுங்கள். குற்றச்சாட்டை வாசித்து, நீங்கள் அதை ஒப்புக்கொண்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் விலாசம். லைசனில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டுமே இருந்தால் நீதிமன்ற அறிவித்தல் தோட்ட அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும். கொழும்பில் ஓடிக்கொண்டிருக்கும் ட்ரைவருக்குத் தெரியவே வராது. தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை. தண்டம் கட்டாமல் விட்டவர்கள் தோட்ட அலுவலகத்தில் கடிதம் வந்ததா என்று வீட்டாரை அனுப்பிக் கேட்கவேண்டும், பொலிஸ் நிலையத்தில் வழக்குத் திகதியையும் நேரடியாக விசாரிக்கலாம்.

தண்டம் ட்ரைவரின் பெயரில்தான் எழுதப்படும். குறுக்கு வழியில் போகச் சொன்ன முதலாளி பணத்தைத் தந்தாலும் பதிவு ட்ரைவருடையதே. வழியை முதலாளி தீர்மானிக்கும் இடங்களில் அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைப்பது, பிறகு சம்பளத்தில் வெட்டும்போது பேச உதவும்.