யூவி பில்ட்டர் வெயிலுக்குக் குடையல்ல

மறுபடியும் ஒரு கமரா திருத்த வந்திருக்கிறது; உள்ளே படத்தைப் பதியும் சென்சர் கருகியிருக்கிறது. வெளியே ஒரு கீறல் கூட இல்லை. படம் எடுத்தால்தான், ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஊதா நிறத்தில் நெட்டுக்கு ஒரு கோடு. கொழும்பில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குவதால், அது சுட்ட தடமும் அப்படியே விழுந்திருக்கிறது.

கதை வழக்கமானதுதான். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு. பின்னேர வெயில் யன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டுகிறது. அழகான காட்சி, மறுக்கவில்லை. அது நகர்வதை டைம்லாப்ஸாக (இடைவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோவாக) எடுக்க, யன்னலும் படத்தில் வரட்டும் என்று கமராவை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள். "தொடங்கேக்க சூரியன் பிரேமுக்குள்ள இல்லை அண்ணை" என்பார்கள். இருந்திருக்காது. தன் அகலத்தைக் கடக்கச் சூரியனுக்கு 2 நிமிடம் போதும்.

அடுத்து வருவது, எனக்குப் பொறுக்கவே முடியாத கேள்வி: "யூவி பில்ட்டர் போட்டுத்தானே இருந்தது?"

தம்பி, யூவி என்பது புறஊதாக் கதிர். தரைக்கு வரும் வெயிலின் சக்தியில் அது நூற்றுக்கு 5 பங்கு அளவுதான். மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும். சென்சரைச் சுடுவது அந்த மிச்சம். அதை உங்கள் பில்ட்டர் அப்படியே உள்ளே விடுகிறது. விடாவிட்டால் படமே விழாதே! புறஊதாவில் பெரும்பகுதியை லென்ஸ் கண்ணாடியே தடுத்துவிடும். பிலிம் காலத்தில் தூரத்து மலைகள் நீலம் பாரிக்காமல் இருக்கப் போட்ட கண்ணாடி இது. இன்று லென்ஸின் முகத்தில் கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான். லென்ஸோடு சேர்த்து இதையும் தலையில் கட்டும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ் என்றால் இன்னும் மோசம். 200 மில்லிமீற்றர் லென்ஸ், முன்கண்ணாடி வாங்கும் வெயில் முழுவதையும் 2 மில்லிமீற்றர் கூட இல்லாத பொட்டாகக் குவிக்கும். ஓப் பண்ணிவிட்டோம் என்ற நிம்மதியும் வேண்டாம். உள்ளே ஆடி இல்லாத பல மிரர்லெஸ் கமராக்களில் அப்போதும் சென்சருக்கு முன்னுள்ள சட்டர் திறந்தேதான் இருக்கும். மூடிக்கொள்ளும் வகையில் சட்டரின் மெல்லிய தகடு கருகும்.

நிழல்தானே வேண்டும்? யன்னலுக்கு முதுகு காட்டி நின்று சுவரையும் தரையையும் எடுங்கள். வெளிச்சம் விழும் இடத்துக்கு எக்ஸ்போஷரை (கமரா வாங்கும் ஒளியின் அளவை) குறைத்தால் நிழல் தானாகவே கறுத்து எடுப்பாக வரும். யன்னலும் வேண்டுமென்றால் போனில் ஒன்றிரண்டு எடுத்துவிட்டு விலகுங்கள். கமராவை வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் லென்ஸ் மூடி. அந்த மூடியைத் தொலைத்தவர்கள் இன்றைக்கே ஒன்று வாங்குங்கள்.

அப்புறம், பூஞ்சணம் போகட்டும் என்று லென்ஸை யன்னல் படியில் காயவைக்கிறவர்களே, பக்கத்தில் தொங்கும் திரைச்சீலையையும் பாருங்கள். தீப்பிடிக்க அது போதும். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உலர்பெட்டிதான் வழி.

டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸின் ஒளியை ஆடியால் நேரே கண்ணுக்கு அனுப்பும் கமரா, வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வியூபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைத் தேடாதீர்கள். விழித்திரை சுடுபடும்போது வலிக்காது. பிறகு பார்வையின் நடுவில் கரும்பொட்டு தெரிந்தால், "நாளைக்குச் சரியாகும்" என்று படுக்காமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.