எண்ணெயை ஊசிக்குப் பக்குவப்படுத்திய ஆலிஸ் பால்

சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குப் பயன்படும் நீரடிமுத்தும், தொழுநோய்க்கு உலகெங்கும் தேடப்பட்ட சால்மூக்ராவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் விதைகள். சால்மூக்ரா எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியில் ஏற்றினாலோ, திசுக்கள் உறிஞ்ச முடியாத அந்தக் கெட்டி எண்ணெய் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தேங்கிக் கடுமையாக வலிக்கும்.

ஹொனலுலுவின் கலிஹி மருத்துவமனையில் இச்சிக்கலோடு போராடிய மருத்துவர் ஹாரி ஹோல்மன், ஹவாய் கல்லூரியில் 1915இல் வேதியியல் முதுகலைப் பட்டம் பெற்று அங்கேயே கற்பித்துவந்த ஆலிஸ் பாலின் உதவியை நாடினார். சியாட்டிலில் 1892இல் பிறந்த பால், அக்கல்லூரியில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண், முதல் கறுப்பினத்தவரும்கூட.

எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரால் தண்டில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு. சால்மூக்ராவில் அவ்வமிலங்கள் பலவற்றின் நுனியில் ஐந்து கார்பன் அணுக்களாலான வளையம் ஒன்று இருக்கும். காரம் சேர்த்துத் தண்டை அறுப்பது சோப்பு காய்ச்சுவோர் செய்யும் அதே வேலைதான். ஆனால் அப்படிப் பிரியும் அமிலங்கள் 60 பாகை செல்சியஸை ஒட்டியே உருகுவதால், உடல் வெப்பத்தில் மெழுகுபோல் உறைந்துகிடக்கும். பால் அவற்றை எத்தனாலுடன் வினைபுரியச் செய்து எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். மூலக்கூறின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய, ஊசியில் எளிதாக இறங்கி உடலில் மெல்ல உறிஞ்சப்படும் நீர்மம் கிடைத்தது. அது தண்ணீரில் கரையும் என்று பலர் எழுதுகிறார்கள்; அது தவறு. அது எண்ணெய்ப்பசையுள்ள பொருளே, பிசுக்கு மட்டும்தான் குறைந்தது.

பால் 1916 டிசம்பர் 31 அன்று, 24 வயதில் காலமானார். பணியைத் தொடர்ந்த கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன், தம் கட்டுரைகளில் அவர் பெயரைக் குறிப்பிடவே இல்லை. அம்முறை டீனின் பெயரிலேயே வழங்கியது. ஓர் ஆய்வாளர் செய்யக்கூடாத செயல் இது. 1922இல் ஹோல்மன்தான் அதை 'பால் முறை' என்று அச்சில் எழுதினார்.

இந்த ஊசியால் கலிஹியிலிருந்து பலர் வீடு திரும்பினர். சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது. கிருமியை உறுதியாக ஒடுக்கும் சல்ஃபோன் மருந்துகள் 1940களில் வந்த பிறகே எத்தில் எஸ்டர் ஊசி வழக்கொழிந்தது.