டாக்சோபிளாஸ்மோசிஸ்: வில்லுயிரி நோய்

கர்ப்பகால ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘டாக்சோபிளாஸ்மா ஐஜிஜி, ஐஜிஎம்’ என்று ஒரு வரி இருக்கும். ‘டார்ச் டெஸ்ட்’ என்றால் பலருக்கும் சட்டென்று புரியும். ‘டார்ச்’ என்பது கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளின் பெயர்ச் சுருக்கம். அதன் முதல் எழுத்து, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் வரும் இந்த நோயைத்தான் குறிக்கிறது.

‘டாக்சிக்’ என்ற சொல் காதில் பழகிவிட்டதால், ‘டாக்சோ’ என்றதும் நஞ்சு என்று மனம் ஓடும். ஆனால் கிரேக்கத்தில் ‘டாக்சோன்’ என்றால் வில். அம்பு நுனியில் தடவிய விஷத்துக்கு இதிலிருந்து ஒரு பெயர் கிளைத்தது. ‘டாக்சிக்’ வந்தது அந்த வழியில். ‘பிளாஸ்மா’ என்பது உருவாக்கப்பட்டது, வடிவம் என்ற பொருளில் நிற்கிறது. ரத்தத்தின் பிளாஸ்மாவை இது குறிக்கவில்லை. 1908-இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் ‘குண்டி’ எனும் வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கின் உடலில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார்கள். நுண்ணோக்கியில் வில்லாய் வளைந்து தெரிந்ததால் மறு ஆண்டு இந்தப் பெயரை வைத்தார்கள்.

தமிழில் ‘நச்சுயிரி’ என்று எழுதினால் இரட்டைக் குழப்பம். அது வைரஸுக்கு வழங்கும் சொல். இதுவோ ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி. போதாததற்கு, பிரசவப் பேச்சில் நஞ்சு என்றாலே நஞ்சுக்கொடிதான். என் தேர்வு ‘வில்லுயிரி’, நோய்க்கு ‘வில்லுயிரி நோய்’. முதல் முறை எழுதும்போது பக்கத்தில் டாக்சோபிளாஸ்மா என்றும் போட்டுவிடுங்கள். மருத்துவரிடம் வில்லுயிரி என்றால் அவர் விழிப்பார்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். இது கிருமியைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் எதிர்ப்பொருளின் வகைகள். ரத்தம் உறைந்தபின் பிரியும் ஊநீரில் செய்வதால் ‘ஊநீர்ச் சோதனை’ என்பது பொருத்தமான பெயர். 1948-இல் ஆல்பர்ட் சேபினும் ஹாரி ஃபெல்ட்மனும் உருவாக்கிய முறையில், உயிருள்ள ஒட்டுண்ணியோடு ஊநீரைக் கலந்து நீலச் சாயம் ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டுண்ணியில் சாயம் ஏறாது. இந்த சேபின்தான் பின்னாளில் போலியோ சொட்டு மருந்து தந்தவர். இப்போது பெரும்பாலும் எலிசா போன்ற முறைகள்தான்.

அறிக்கையில் நிறையப் பேரைக் கலங்கடிப்பது ‘பாசிட்டிவ்’ என்ற சொல். ஐஜிஜி தொற்றிய சில வாரங்களில் தோன்றி ஆயுள் முழுக்கத் தங்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் தொற்று பழையது. தாய்க்கு நோயெதிர்ப்பு சரியாக இருந்தால் குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்றியதில்லை, அதனால் கவனம் வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, பூனைக் கழிவு பட்ட மண் இவற்றிலிருந்து புதிதாகத் தொற்றலாம். இப்படிப்பட்டவர்களுக்கு பிரான்சில் மாதந்தோறும் சோதனை செய்கிறார்கள். பிரிட்டனில் எல்லோருக்கும் செய்யும் வழக்கம் இல்லை.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் புதுத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். அப்போது ‘அவிடிட்டி’ பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்ற அளவு அது, ‘பற்றுவலிமை’ எனலாம். நாள் ஆக ஆகப் பிடி இறுகும். பற்றுவலிமை அதிகம் என்றால் தொற்று வந்து குறைந்தது ஏறக்குறைய நான்கு மாதங்களாவது ஆகியிருக்கும். குறைவு என்பதை மட்டும் வைத்துப் புதுத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குப் பிடி இறுக வெகுநாள் ஆகும்.

புதுத் தொற்று என்று உறுதியானால் ஸ்பைராமைசின் என்ற மருந்து கொடுப்பதுண்டு. குழந்தைக்குப் போயிருக்கிறதா என்பதைத் தாயின் ரத்தம் சொல்லாது. 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து பிசிஆர் செய்து பார்ப்பார்கள்.