மோதிரம் தளரும் மாதங்கள்

பணி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குளிர்காலம் வந்தால் அவருடைய தங்க மோதிரம் விரலில் நிற்பதில்லையாம். முகம் கழுவும்போது கழன்றே விழுந்துவிட்டது. இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது. ரத்த அழுத்தக் கருவி கோடையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானி சில காலைகளில் எண்ணே காட்டுவதில்லை. “ரத்தம் சுண்டிவிட்டதா? மோதிரம் கழன்றது நல்ல சகுனம் இல்லை என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்” என்று கேட்கிறார்.

சகுனத்துக்கு இதில் வேலையே இல்லை. ஒரு மனிதரின் உடல் சரியாக வேலை செய்வதைப் பார்த்து வீட்டிலிருப்பவர்கள் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் பட்டியலிட்ட நான்கும் ஒரே செயலின் விளைவுகள்: குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் இறுகுவது.

முதலில் உலோகத்தின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குளிரில் தங்கம் சுருங்கும், உண்மைதான். ஒரு மீட்டர் தங்கம் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 14 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்) சுருங்கும். 60 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள மோதிரம் 15 டிகிரி குளிர்ந்தால் சுற்றளவில் 0.013 மில்லிமீட்டர்தான் குறையும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அப்படியே குறைந்தாலும் மோதிரம் இறுகத்தானே வேண்டும்? ஆகவே, சுருங்கியது விரல்.

உடலின் உட்பகுதி 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். வெப்பம் வெளியேறுவது பெரும்பாலும் தோல் வழியாக. அதைத் தோலுக்குக் கொண்டு வருவது ரத்தம். இதமான சூழலில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ரத்தம் தோலில் ஓடுகிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். கடும் குளிரில் கிட்டத்தட்ட நின்றேபோகும். இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் எப்படிச் சாத்தியம்?

விடை விரல் நுனியில் இருக்கிறது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் நுண்குழாய்கள் வழியாகப் போகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். உள்ளங்கை, உள்ளங்கால், விரல்கள், காது, மூக்கு, உதடு ஆகிய இடங்களில் மட்டும் இன்னொரு பாதையும் உண்டு: தமனியை நேரடியாகச் சிரையோடு இணைக்கும், தடித்த தசைச்சுவர் கொண்ட சிறு குழாய்கள். இவை திசுக்களுக்கு உணவு கொடுப்பதற்காக அமைந்தவை அல்ல. முக்கிய வேலை வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டுவது, தேவையில்லாதபோது மூடிக்கொள்வது. ஏரிக்கு மதகு எப்படியோ, உடல் வெப்பத்துக்கு இவை அப்படி.

மதகு அகலமாகத் திறந்தால் எவ்வளவு பாயும்? குழாயில் ஓடும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்டறிந்தார். நுண்குழாயின் விட்டம் 10 மைக்ரோமீட்டர், திறந்த இணைப்புக் குழாயின் விட்டம் 100 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். விட்டம் பத்து மடங்கு. ஆனால் நீளமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் ஓட்டம் 10,000 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத ஒரு தசை வளையம் சற்றே இறுகினால் போதும், விரல் நுனிக்கு வரும் வெப்பம் சரிந்துவிடும்.

இறுக்கச் சொல்வது யார்? தோலின் குளிர் உணரிகள், உடல்வெப்பத்தைக் கண்காணிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸுக்குத் தகவல் அனுப்ப, அங்கிருந்து நம் விருப்பத்தைக் கேட்காமல் தாமாக இயங்கும் பரிவு நரம்புகள் வழியே உத்தரவு வருகிறது. நரம்பு நுனிகள் குழாயை இறுகச் சொல்லும் வேதிப்பொருளான நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. இதுவரை பாடப்புத்தகம். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம்தான். நார்அட்ரினலினைப் பற்றிக்கொண்டு செய்தியைச் செல்லுக்குள் சேர்க்கும் புரதங்களான ஏற்பிகளில் ஆல்ஃபா-2சி என்று ஒரு வகை உண்டு. தோல் கதகதப்பாக இருக்கும்வரை இது ரத்தக்குழாயின் தசைச் செல்லுக்குள்ளே, புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கி உறுப்பில், பேசாமல் கிடக்கிறது. அந்த இடத்துத் தோல் குளிர்ந்ததும் செல்லின் மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து நிற்கிறது. நரம்பு சுரக்கும் அளவு மாறாவிட்டாலும், அதைக் கேட்கும் காதுகள் கூடிவிடுகின்றன. குழாய் பலமாக இறுகுகிறது. மூளை உடல் முழுவதற்கும் பொதுவாக ஆணையிடுகிறது. ஆனால் எந்த விரல் எவ்வளவு கீழ்ப்படிய வேண்டும் என்பதை அந்த விரலின் குளிரே தீர்மானிக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இது தெரியவந்தது. உயிரியலில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடுகளை நான் அதிகம் கண்டதில்லை.

இறுகியபடியே இருந்தால் விரல் செத்துவிடாதா? 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்கும் ஒரு பதிலைப் பதிவுசெய்தார். விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் முதலில் வெளுத்துச் சில்லிடுகிறது. ஐந்து பத்து நிமிடங்களில் குழாய்கள் தாமாகத் திறந்து சூடான ரத்தம் பாய்கிறது, பிறகு மூடுகின்றன, மீண்டும் திறக்கின்றன. குளிர்நீரில் கைவைத்துப் பழகிய மீனவர்களிடம் இந்த அலை வலுவாகவே காணப்படுகிறது.

இப்போது புறங்கையைப் பாருங்கள். கோடையில் புடைத்துத் தெரியும் நீல நரம்புகள், அதாவது சிரைகள், குளிரில் காணாமல் போயிருக்கும். திரும்பும் ரத்தம் தோலடிச் சிரைகளைத் தவிர்த்து, தமனிகளை ஒட்டி ஆழத்தில் ஓடும் சிரைகள் வழியாகப் போகிறது. போகிற வழியில் வெளியே செல்லும் சூடான ரத்தத்திடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்புகிறது. ரத்தமும் திசுநீரும் குறைந்த விரல் மெலிகிறது. மோதிரம் தளர்கிறது. நாடித்துடிப்பை ஒளியால் அளக்கும் ஆக்ஸிஜன் மானிக்கு அளக்கத் துடிப்பு கிடைப்பதில்லை. கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி மாட்டினால் எண் வந்துவிடும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தோலிலிருந்து விலகிய ரத்தம் மார்புக்குள் சேர்கிறது. இதயம் அதை ‘நீர் அதிகமாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ள, நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோபிரஸ்ஸின் குறைகிறது, சிறுநீர் கூடுகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரைச் செறிவாக்கும் திறனும் குறைவதால் தொல்லை இரட்டிப்பாகிறது. இதற்குப் பயந்து பகலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தவறு. குறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் அழுத்தமும் ஏறுகிறது. முதியவர்களிடம் இந்த வேறுபாடு அதிகம். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே கூடுதல் எண்ணைக் குளிரின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்’ என்று விற்கப்படும் காந்தக் காப்புகளுக்கு இந்த மதகுகளைத் திறக்கும் சக்தி கிடையாது. மது திறக்கும். அதனால்தான் குடித்தவுடன் கதகதப்பாக இருக்கிறது; அதே நேரத்தில் உள்வெப்பம் தோல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வயதானவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. இளைஞரைவிட முதியவரின் நரம்பு நுனி நார்அட்ரினலினைக் குறைவாகச் சுரக்கிறது, குழாயும் மந்தமாகவே இறுகுகிறது. வெப்பம் தரும் தசையும் குறைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிரை உணரும் கூர்மையே மங்கிவிடுகிறது. குளிர்கிறது என்று புலம்பும் பெரியவரைவிட, குளிரான அறையில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குளிர் குறித்த ஆய்வுகளில் பெரும்பகுதி படைவீரர்களையும் ஆரோக்கியமான இளைஞர்களையும் வைத்தே நடந்திருக்கிறது. குளிரால் அதிகம் இறப்பவர்களோ முதியவர்கள். ஆய்வு நிதி ஒதுக்குவோர் இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

குளிர்ப் பிரதேச வீடுகளுக்குள் 18 டிகிரி பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. முதியோருக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். தோலை நம்பாமல், படுக்கையறைச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவைப்பது நல்லது. குளிர் அறையில் இருப்பவரின் பேச்சு குழறினால், காரணமின்றிக் குழம்பினால், உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். நடுக்கம் இல்லையே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. நடுக்கம் நின்றுபோவது நிலைமை முற்றியதன் அறிகுறியாக இருக்கலாம். போர்வையைப் போர்த்திவிட்டு உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.