ஒரு குவார்ட் ஊற்றினால் ஒரு வரி எழுதுங்கள்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் சிறு விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களைப் பராமரிப்பவன் என்பதால், எந்த எண்ணெய் நல்லது என்று விமான உரிமையாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. கடந்த பத்து மணி நேரப் பறப்பில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்று நான் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் வராது.

தேர்வைப் பொறுத்தவரை நம் ஊரில் சிக்கல் குறைவு. விமான என்ஜின் தயாரிக்கும் லைக்கோமிங் நிறுவனத்தின் அட்டவணைப்படி 16 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் எஸ்ஏஇ 50 (எஸ்ஏஇ எண் எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் தரம்) எண்ணெயைப் பயன்படுத்தலாம். இங்கே விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர்வதில்லை. குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற 15டபிள்யூ-50 போன்ற பல்தர எண்ணெயும் தவறில்லை என்றாலும், வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் விமானங்களுக்கு ஒற்றைத்தர எண்ணெயையே நான் விரும்புகிறேன். குப்பியில் ‘டபிள்யூ 100’ என்றிருந்தால் அந்த எழுத்து கார் எண்ணெயில் போலக் குளிர்காலத்தைக் குறிப்பதன்று. சாம்பல் விடாமல் அழுக்கை மிதக்க வைக்கும் சேர்மானம் உண்டு என்பதே அதன் பொருள். 100 என்பது எஸ்ஏஇ 50தான். கார் எண்ணெயின் உலோகச் சேர்மானங்களோ எரிந்து சாம்பலாகி எரியறையில் படியும் என்பதால், இந்த என்ஜின்களில் அதை ஊற்றவே கூடாது. (ரோட்டாக்ஸ் 912 என்ற சிறு விமான என்ஜின் வேறு சாதி, அதன் பற்சக்கரப் பெட்டிக்கும் அதே எண்ணெய்தான் என்பதால் மோட்டார்சைக்கிள் எண்ணெய் பொருந்தும்.)

கண்காணிப்பில்தான் அலட்சியம் அதிகம். 180 குதிரைத்திறன் லைக்கோமிங் என்ஜினுக்கு அந்நிறுவனத்தின் சூத்திரம் மணிக்கு ஏறத்தாழ 0.58 குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) வரை எண்ணெய்ச் செலவை அனுமதிக்கிறது. எனினும், பத்து மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்த என்ஜின் திடீரென ஐந்து மணி நேரத்துக்கே ஒரு குவார்ட் கேட்டால், வரம்புக்குள் இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. மூவர் மாறி மாறி ஓட்டிய ஒரு விமானத்தில், ஒவ்வொருவரும் பறக்குமுன் ஒரு குவார்ட் ஊற்றிவிட்டு எழுதாமல் போனதால், தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் ஆண்டுச் சோதனையில்தான் தெரியவந்தன.

அளவுக் குச்சியைச் சமதளத்தில், நாளின் முதல் பறப்புக்கு முன் பாருங்கள். என்ஜினை நிறுத்திய உடனே பார்த்தால் எண்ணெய் முழுதும் கீழே வடிந்திருக்காது. எட்டு குவார்ட் கொள்ளும் கலத்தை விளிம்புவரை நிரப்பினால், மேல் குவார்ட் என்ஜினின் மூச்சுக்குழாய் (உள்காற்று வெளியேறும் குழாய்) வழியே வெளியேறி விமானத்தின் வயிற்றில் படிவதும், அதை எண்ணெய்ச் செலவு என்று கணக்கெழுதுவதும் வழக்கம். மட்டம் குறையாமலே இருந்தாலும் மகிழ வேண்டாம். குச்சியை முகர்ந்து பாருங்கள், எரிபொருள் கலந்திருக்கலாம்.

வடிகட்டி உள்ள என்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முந்துகிறதோ அப்போது எண்ணெயை மாற்ற வேண்டும். நம் ஈரக்காற்றில் எண்ணெய்க்குள் சேரும் நீரைத் தரையில் சிறிது நேரம் என்ஜினை ஓட்டி விரட்ட முடியாது. ஐந்து மாதத்தில் 11 மணி நேரமே பறந்த விமானம் அது என்று எண்ணெய் மாற்றத் தயங்கிய ஒருவரின் வடிகட்டியை வெட்டி விரித்தபோது, எஃகுத் துகள்கள் காந்தத்தில் ஒட்டின. அவை எங்கிருந்து வந்தன என்றறிய சிலிண்டரைக் கழற்றி, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டைப் பார்க்க வேண்டியதாயிற்று.