டவுன் சர்வே நம்பர் வந்துவிட்டால் வாய்க்கால் போய்விடாது

மழை விட்ட மறுவாரமே ஆரம்பித்துவிடுகிறது. "சார், பட்டா இருக்கு, பேங்க்ல லோன் குடுத்திருக்கான், வீட்டு வரி கட்டுறோம். அப்புறம் எப்படி ஹாலுக்குள்ள முழங்கால் தண்ணி?" வீடு கட்டிக் குடிபோன பிறகு கேட்டால் இடம் அளக்கிறவன் என்ன பதில் சொல்வது?

அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் மூன்றும் தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தவை. 72 வார்டு 100 ஆனது அப்போதுதான். அதற்கெல்லாம் முன்னால் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைந்த பூமி. வயல் மனையானது, மனை வீடானது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

என்னை எரிச்சல்படுத்துவது வேறு. "டவுன் சர்வேயில மனைன்னுதான் சார் இருக்கு, வாய்க்கால்னு எங்கயும் இல்லையே" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். ஐயா, அந்தக் காகிதம் உங்கள் இடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். கிராமமாக இருந்தபோது சர்வே எண்ணும் உட்பிரிவும் இருந்தன. ஊர் நகரமாகி டவுன் சர்வே முடிந்ததும் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று எல்லாம் மாறிவிடும். பழைய ஒரே எண் பல புது எண்களாக உடையும். உங்கள் எண்ணுக்கு நகலெடுத்தால் உங்கள் மனை வரும். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண் வாய்க்கால் புறம்போக்கா என்பதை அது சொல்லாது. எண்தான் மாறியது. தண்ணீருக்கு யாரும் புது நம்பர் கொடுக்கவில்லை.

ஆகவே பழைய எண்ணைத் தேடுங்கள். தாய்ப்பத்திரத்தில் இருக்கும், இல்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிடும் பட்டியலைக் கேளுங்கள். அந்த எண்ணுக்கும், சுற்றி நாலு பக்கமும் ஒட்டியிருக்கும் எண்களுக்கும் 'அ' பதிவேடு (எந்த எண் பட்டா, எந்த எண் புறம்போக்கு என்று சொல்லும் கணக்கு), புலப்படம் (அந்த எண்ணின் அளவு வரைபடம்), கூடவே கிராம வரைபடம், எல்லாம் வாங்கிப் பாருங்கள். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் இருக்கலாம், அதை அடி என்று படித்து ஏமாறாதீர்கள். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. வாய்க்கால் அகலம் 25 என்றிருந்தால் பதினாறரை அடி. இடத்தில் போய்ப் பார்த்தால் இரண்டடிச் சாக்கடை ஓடும். மீதி பதினாலரை அடி யாருடைய ஹாலுக்குள் இருக்கிறது என்று டேப் பிடித்தால் தெரிந்துவிடும்.

"வரன்முறை பண்ணிக்கலாம்னு புரோக்கர் சொன்னாரே" என்பது அடுத்த பாட்டு. அதாவது, அங்கீகாரம் இல்லாததைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்வது. அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கான அந்த 2017 விதிகள் 20-10-2016 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகளுக்கு. நீர்நிலைக்கும் வாய்க்காலுக்கும் அதில் இடமே கிடையாது. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதன்படி நோட்டீஸ் புரோக்கர் வீட்டுக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

சரி, இடம் சுத்தமான பட்டா நிலம், வாய்க்காலைத் தொடவில்லை என்றே வையுங்கள். அப்போதும் அது பழைய ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயல். ஆயக்கட்டு நிலம் கண்மாயை விடத் தாழ்வு. அதனால்தான் மடையை (கரையில் தண்ணீர் திறந்துவிடும் மதகு) திறந்ததும் தண்ணீர் தானாகப் பாய்ந்தது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு (உபரி நீர் வழியும் கல்கட்டு) வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டும். நடுவில் பாதை அடைபட்டால் தெருதான் மறுகால். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் பொங்கியபோது பார்த்தோமே. (உயர்நீதிமன்றக் கிளை இருக்கும் உலகனேரியின் பெயரையும் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.)

மூன்றடி கிராவல் கொட்டி மனையை உயர்த்துவது தீர்வல்ல. உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் நாலடி கொட்டுவார். இதற்கு நடுவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் வாசல்படி ஒன்று மண்ணுக்குள் போகும். அடித்தள மட்டத்தைப் பக்கத்து வீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். கலுங்கின் மட்டம் என்ன, தெரு மட்டம் என்ன என்று லெவல் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தயவுசெய்து அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான். பக்கத்துச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அப்படியே பழைய ஊருக்குள் நடந்து, அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவராக) இருந்தவர் யாரென்று விசாரித்து, எந்த மடைத் தண்ணீர் இந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்தப் பக்கம் வடிந்தது என்று கேளுங்கள்.